தகவல் குவியலும் கட்டற்ற மென்பொருளும்: தமிழில் தேட முடிந்த கதை

வந்து சேரும் தகவல் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாமல் போகும் நிலையைத் தகவல் சுமை என்கிறோம். ஆல்வின் டாப்ளர் 1970 இல் வெளியிட்ட 'எதிர்கால அதிர்ச்சி' என்ற நூலின் வழியாக இச்சொல் உலகெங்கும் பரவியது. சொல் புதிது என்றாலும் சுமை பழையது. திருப்பூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பனியன் உருவாவதற்குள் நூல் நிட்டிங்குக்குப் போகும். துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகும். பிறகு காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு டி.சி. கிழிக்கப்படும். எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, எந்த ஆர்டர், எந்த நிறம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர் மேசைக்குப் பின்னால் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு கோப்பு உண்டு. அளவுப் பட்டியல், சாயம் சரிதானா என்று பார்க்க அனுப்பிய லேப் டிப் துண்டு, பட்டனும் லேபிளும் ஒட்டிய அட்டை எல்லாம் அதற்குள். இரண்டு ஆண்டு கழித்து அதே வாங்குபவர் "அந்தப் பழைய நீலம்" என்று கேட்கும்போது, அந்தத் துண்டை ஐந்து நிமிடத்தில் எடுப்பவருக்கு ஊரில் தனி மதிப்பு.

நிறுவனங்கள் இதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும், மென்பொருளும் வாங்கும். தனி மனிதர் என்ன செய்வது? என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடமே அரசாணைகள், பழைய வினாத்தாள்கள், செய்தித்தாள் நறுக்குகள், வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். கோப்புகள் என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கணினியில் தமிழ் பல ஆண்டுகள் படிக்கக் கூடியதாக இருந்தது. தேடக் கூடியதாக இல்லை. அந்தக் குறை எப்படித் தீர்ந்தது, அதில் கட்டற்ற மென்பொருளுக்கு என்ன பங்கு என்பதே இக்கட்டுரை.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. 2001-02 கல்வியாண்டில் என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 62 பேரிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எதனால் திருப்பூருக்கு வந்தார், முதல் வேலை என்ன, முதல் கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதிவர வேண்டும். வந்தவை அருமையாக இருந்தன. ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து, ஒரு படி அச்செடுத்து, இரண்டு குறுந்தகடுகளில் வாங்கி வைத்தேன். சொன்ன பெரியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அந்தக் குறுந்தகடுகளைப் பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது திரையில் வந்தது தமிழே இல்லை.

அட்டைகளின் காலம்

தகவலை ஒழுங்குபடுத்தும் கலைக்கு உலகளவில் பெயர் பெற்றவர் ஒரு தமிழர், அதுவும் கணித ஆசிரியர். சீர்காழியில் 1892 இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. பட்டம் பெற்று, மங்களூரிலும் நம் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வேலை சலித்துப்போய் வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார் என்பார்கள். இலண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வந்து பிறகு முடிவு செய்யலாம் என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். சில பட்டைகள், சில சக்கரங்கள், சில திருகுகள் இருக்கும். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மைகள் கிடைக்கும். நூல்களின் பொருளையும் இப்படித் துண்டுகளாக்கிப் பூட்டலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அதுவே 1933 இல் 'கோலன் பகுப்பு' என்ற முறையாக வெளிவந்தது.

அதற்கு முன் புழக்கத்தில் இருந்த முறைகளில் புகழ்பெற்றது அமெரிக்கர் மெல்வில் டூயி 1876 இல் வகுத்தது. அறிவை எண்களால் பகுத்து, ஒரு நூலுக்கு ஓரிடம் என்று வைத்தது அது. அரங்கநாதன் ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு என்றார். பின்னாளில் அவற்றை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாகத் தொகுத்தார்.

ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றினால் ஒரு திருப்பூர் எடுத்துக்காட்டு. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த நாட்களின் செய்தித்தாள் நறுக்குகளை நான் சேர்த்தேன். ஒரு நறுக்கை எந்த உறையில் போடுவது? சாயத்தொழில் என்ற உறையிலா, நொய்யல் ஆறு என்ற உறையிலா, ஒரத்துப்பாளையம் அணை, நீதிமன்றத் தீர்ப்புகள், தொழிலாளர் வேலையிழப்பு என்று எதிலா? எதில் போட்டாலும் மற்ற நான்கு உறைகளில் அது இல்லாமல் போகும். நறுக்கை ஓரிடத்தில் வைத்துவிட்டு, 'பருத்தித் துணி, சாயமிடுதல், நொய்யல், திருப்பூர், 2011' என்று அதன் முகங்களை ஓர் அட்டையில் எழுதிக்கொண்டால் எந்த வழியாக வந்தாலும் அதை அடையலாம். இன்று செயலிகளில் 'குறிச்சொல்' என்று நாம் இடுவது இந்த அட்டையின் பேரப்பிள்ளைதான்.

அட்டையை நம்பி வாழ்ந்த அறிஞர்கள் பலர். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 அட்டைகள் எழுதிச் சேர்த்திருந்தார். ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண். ஓர் அட்டை இன்னோர் அட்டையைச் சுட்டும். அமெரிக்கப் பொறியாளர் வன்னேவர் புஷ் 1945 ஜூலையில் எழுதிய கட்டுரை ஒன்றில், மேசை வடிவிலான 'மெமெக்ஸ்' என்ற கருவியைக் கற்பனை செய்தார். ஒருவர் படித்தவை அனைத்தும் நுண்படச்சுருளில் அதற்குள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடம் போட்டுக்கொள்ளலாம். அந்த மேசை செய்யப்படவே இல்லை. ஆனால் இணையத்தின் இணைப்புகளும் விக்கிகளும் அந்தக் கற்பனையின் வழிவந்தவை.

கட்டற்ற என்ற சொல்

ஆங்கிலத்தில் இவ்வகை மென்பொருளைக் குறிக்கும் சொல்லுக்கு இலவசம் என்றும் விடுதலை என்றும் இரு பொருள் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. தமிழில் 'கட்டற்ற' என்றதும் வேலை முடிந்தது. நல்ல சொல்.

ரிச்சர்டு ஸ்டால்மன் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் நிரலராக இருந்தவர். 1980 வாக்கில் ஆய்வகத்துக்குப் புதிதாக ஓர் அச்சு இயந்திரம் வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் அனைவருக்கும் செய்தி சொல்லும்படி பழைய இயந்திரத்தின் நிரலை அவர் மாற்றி வைத்திருந்தார். புதியதன் மூல நிரலைக் கேட்டபோது தர மறுத்துவிட்டார்கள். இந்தச் சிறிய கோபம் பெரிதாகி, 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். பயன்படுத்தவும், உள்ளே என்ன நடக்கிறது என்று படிக்கவும், பிறருக்குக் கொடுக்கவும், திருத்தி வெளியிடவும் உரிமை உள்ள மென்பொருளே கட்டற்றது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் சேர்ந்தபோது முழு இயங்குதளம் கிடைத்தது.

நம் மாநிலத்தில் அது வகுப்பறை வரை வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 இல் வெளிவந்தது. 2011 இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸும் அதில் இருந்தது. கணினியைத் திறந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நான் பார்த்தவரை மாணவர்கள் பாஸ் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கையில் கொடுத்தோம், கற்றுக்கொடுக்கவில்லை. அதில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்குண்டு. எங்களுக்கே தெரியாததை எப்படிக் கற்பிப்பது?

எழுத்துருக் குழப்பம்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தமே குறியேற்றம். ஆங்கிலத்துக்கு அந்த ஒப்பந்தம் 1960களிலேயே ஏற்பட்டுவிட்டது. தமிழுக்கு இல்லாததால், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். ஈழத்தமிழரிடையே பெரிதும் பரவிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொண்டால், 'தமிழ்' என்று திரையில் தெரியும் சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் குப்பை. எந்தத் தேடுபொறிக்கும் எப்போதுமே குப்பை.

ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் போட்டது. தமிழக அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி என்று ஆளுக்கொன்று. ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திருத்த முடியாது. பனியன் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதானால், ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் அங்குலத்தை வைத்துக்கொண்டு அளவுப் பட்டியல் அனுப்பியது போல.

இதைச் சீர்செய்ய உழைத்தவர்கள் பலரும் வெளிநாட்டுத் தமிழர்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கினார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களும் அரசின் தரமாயின. இணையத் தமிழர்கள் உருவாக்கிய திஸ்கி இன்னொரு புறம் புழங்கியது.

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசை என்ற ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தது. 128 இடங்கள் கொண்ட சிறிய கட்டம் அது. உயிர்மெய்கள் அனைத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்ற வாதம் நெடுநாள் நடந்தது. என் கருத்தில் அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் உலகம் ஏற்றுக்கொண்ட ஓர் ஒப்பந்தம், நாம் மட்டும் வைத்திருக்கும் சிறந்த ஒப்பந்தத்தைவிடப் பயன் தரும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது ஒருங்குறியையும், உயிர்மெய்களுக்குத் தனி இடம் தரும் டேஸ்16 ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது.

அறிவிப்பு வருவதற்கு முன்பே மக்கள் ஒருங்குறிக்கு நகர்ந்துவிட்டார்கள். முகுந்தராஜ் உருவாக்கிய எ-கலப்பை என்ற தட்டச்சுக் கருவி அதில் பெரும்பங்கு வகித்தது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒருங்குறியிலேயே வளர்ந்தது. பழைய கோப்புகளை மாற்ற மாற்றிகள் வந்தன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியை அக்காலத்து இணையத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். முத்து அண்ணாமலை முதலியோர் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி உண்டு. மூல நிரல் திறந்திருப்பதால், எந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்ற பட்டியலை யாரும் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம்.

மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குச் சேதமின்றி வந்தன. திஸ்கியின் எண் பட்டியல் அனைவர் கையிலும் இருந்ததே காரணம். பட்டியல் வெளியே வராத எழுத்துருக்களில் அடித்தவை இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன.

மூன்று பூட்டுகள்

என் குறுந்தகடுகளுக்கு வருகிறேன். அவற்றில் முதல் பூட்டு தகடே. ஒன்று கீறல் விழுந்து, பாதியில் நின்றுவிடும். குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வரும். இரவு முழுவதும் ஓடவிட்டேன். முழுவதும் வரவில்லை, பெரும்பகுதி வந்தது.

இரண்டாம் பூட்டு பேஜ்மேக்கர். 1985 இல் வந்து, உலகம் முழுவதும் டி.டி.பி. கடைகளை ஆண்ட மென்பொருள் அது. 2001 இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் கதை முடிந்தது. அதை விற்ற நிறுவனம் வேறொன்றுக்கு மாறிவிட்டது. ஆனால் 2015 இல் வந்த லிப்ரெஆபிஸ் 4.4 பதிப்பு, பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கக் கற்றுக்கொண்டு வந்தது. அந்தக் கோப்பின் அமைப்பை வெளியிலிருந்தே ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய நிரல் அது. வடிவமைப்பு சிதறினாலும் எழுத்துகள் வந்தன.

மூன்றாம் பூட்டு எழுத்துரு. அச்சுப்படியில் எஞ்சியிருந்த பக்கங்களைத் திரையோடு ஒப்பிட்டு, எந்த ஆங்கிலக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு தாளில் எழுதினேன். வகுப்பில் சங்கேத மொழி விளையாட்டு விளையாடியது போலத்தான். எழுதி முடித்தபின், மாற்றிகளில் ஏற்கெனவே உள்ள ஒரு பட்டியலோடு ஏறக்குறைய பொருந்துவதைக் கண்டேன். இரண்டு வார வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கலாம்! இருந்தாலும் அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

புள்ளியை விட்டுத் தேடுதல்

மாற்றிய பிறகும் தேடல் உடனே கைகூடவில்லை. இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தமிழில் குறிப்பு வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும்.

முதலாவது, கண்ணை ஏமாற்றும் எழுத்துகள். பழைய எழுத்துருக்களிலும் சில தட்டச்சு முறைகளிலும் 'ர்' என்ற எழுத்துக்குப் பதிலாகத் துணைக்காலின் மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். பார்த்தால் 'திருப்பூா்' என்றே இருக்கும். கணினிக்கு அது வேறு சொல். அரசு ஆவணங்களிலும் செய்தித் தளங்களிலும் இன்றும் இது மலிந்து கிடக்கிறது. அதேபோல் 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் இடலாம். 'ஔ' என்பதை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து அடிப்பவர்கள் பலர். லிப்ரெஆபிஸில் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு இவற்றை முதலில் ஒருமுறை சரிசெய்துவிட வேண்டும். என் கோப்புகளில் துணைக்கால் புள்ளி மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தது.

இரண்டாவது, தமிழின் இயல்பு. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எங்கு வந்தாலும் ஒரே வடிவம். தமிழில் திருப்பூரில், திருப்பூரின், திருப்பூருக்கு, திருப்பூரிலிருந்து என்று வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும். 'திருப்பூர்' என்று புள்ளியோடு தேடினால் இவை எதுவும் அகப்படாது. ஒருங்குறியில் 'ர்' என்பது 'ர' என்ற எழுத்தும் அதன்பின் ஒரு புள்ளியும்; 'ரி' என்பது 'ர' வும் அதன்பின் ஒரு கொக்கியும். ஆகவே கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'திருப்பூர' என்று தேடினால் எல்லா உருபுகளோடும் வந்துவிடும். மெய்யும் உயிரும் புணர்வது பற்றி நாற்பது ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்த தமிழாசிரிய நண்பர் இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார். 'மரம்' போன்ற சொற்கள் மரத்தை, மரத்தில் என்று மாறுவதால் 'மர' வரை மட்டும் அடிக்க வேண்டும். மரபும் மருந்தும் சேர்ந்து வந்து தொல்லை கொடுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் தேடலுக்கு நான் பயன்படுத்துவது கிரெப். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1970களின் தொடக்கத்தில் எழுதியது. அதன் குனு வடிவம் எல்லா லினக்ஸிலும் உண்டு. ஓர் அடைவில் உள்ள அனைத்து உரைக்கோப்புகளிலும் ஒரு சொல் வரும் வரிகளை நொடியில் கொட்டிவிடும். கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு ரிகோல் இருக்கிறது. பி.டி.எஃப்., மின்னஞ்சல், அலுவலகக் கோப்புகள் அனைத்தையும் முன்கூட்டியே படித்து அட்டவணை போட்டுவைக்கும்.

அகரவரிசையிலும் ஒரு வேடிக்கை. ஒருங்குறியின் எண் வரிசையில் ந வை அடுத்து ன, ர வை அடுத்து ற, ழ வுக்கு முன்னால் ள என்று வைத்துவிட்டார்கள். எண்ணை மட்டும் பார்க்கும் நிரல்கள் அப்படியே அடுக்கிவிடும். தமிழ் அகரவரிசையை அறிந்த நிரல்களே சரியாக அடுக்கும்.

மற்ற கருவிகள்

அமெரிக்க வரலாற்றாசிரியர் ராய் ரோசன்சுவைக் 2003 இல் ஒரு கட்டுரை எழுதினார். கடந்த காலத்தைப் பற்றிச் சான்று கிடைக்காமல் தவித்த வரலாற்றாசிரியர்கள் இனிச் சான்றுகளின் பெருக்கத்தில் தவிக்கப்போகிறார்கள் என்பதும், அந்தப் பெருக்கம் எளிதில் அழியக்கூடியது என்பதும் அதன் கவலை. அவர் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் நிறுவிய மையத்திலிருந்துதான் 2006 இல் சோட்டரோ வந்தது. படித்த நூல், கட்டுரை, இணையப் பக்கம் ஆகியவற்றின் விவரங்களைச் சேமித்து, குறிச்சொல் இட்டு, மேற்கோள் பட்டியலைத் தானே தயாரிக்கும். ஆய்வு மாணவர்கள் இதைக் கற்காமல் இருப்பது நேர விரயம்.

அதே 2006 இல், கலிபோர்னியாவில் ஆய்வு மாணவராக இருந்த கோவித் கோயல் என்ற இந்தியர், தாம் வாங்கிய சோனி மின்னூல் படிப்பான் லினக்ஸுடன் பேச மறுத்ததால் ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அதுவே காலிபர். 2013 இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலிருந்து இறக்கிய நூல்களை நான் அதில்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.

குறிப்பு எழுத ஆர்க்-மோடு இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003 இல் தம் சொந்தத் தேவைக்கு எழுதியது. வல்லவர்கள் அதைப் புகழ்ந்து தள்ளுவார்கள்; எனக்கு விரல் வளையவில்லை. ஜிம் என்ற எளிய விக்கியோடு நின்றுகொண்டேன். ஒவ்வொரு பக்கமும் வெறும் உரைக்கோப்பாகவே கணினியில் இருக்கும் என்பதே அதில் எனக்குப் பிடித்தது. நாளை ஜிம் இல்லாமல் போனாலும் எந்த உரைத்திருத்தியிலும் படிக்கலாம். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. இணையத்தளங்களின் புதுப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். அதை நம்பியிருந்தவர்கள் தங்கள் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறிடம் தேடினார்கள். ஓடை என்ற அந்த நுட்பம் 1999 முதல் பொதுவில் இருந்ததால் வேறிடம் கிடைத்தது. தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளிலேயே ஓடைகளைப் படிக்கலாம்.

அச்சுத்தாளை எழுத்தாக்க டெசராக்ட் உதவுகிறது. எச்.பி. நிறுவனம் 1985 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் உருவாக்கி, கிடப்பில் போட்டு, 2005 இல் மூல நிரலைத் திறந்துவிட்டது. 2018 இல் வந்த நான்காம் பதிப்பு முதல் தமிழ் ஓரளவு நன்றாக வருகிறது. கூகுளின் எழுத்துணரி இதைவிடச் சிறப்பாகத் தமிழைப் படிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், த. சீனிவாசன் போன்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களே தமிழ் விக்கிமூலத்தின் நூல்களுக்காக அதை மொத்தமாக இயக்கும் நிரல் எழுதினார்கள். எழுத்துணரி கட்டற்றது இல்லை, கிடைத்த எழுத்துகள் கட்டற்றவை. இந்தச் சமரசம் எனக்கு உடன்பாடே.

கைப்பேசிக்குள் அடைந்துகிடக்கும் வாட்ஸ்அப் உரையாடல்களை மட்டும் இன்னும் ஒழுங்காக வெளியே கொண்டுவர முடியவில்லை. உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்யலாம், ஒவ்வோர் உரையாடலாக. பொறுமை உள்ளவர்கள் செய்யலாம்.

அறுபத்திரண்டு பேர்

குறுந்தகடுகளிலிருந்து 53 பேரின் பக்கங்கள் மீண்டன. கெட்டுப்போன பகுதியில் இருந்த ஒன்பதில் நான்கு, அச்சுப்படியின் எஞ்சிய தாள்களிலிருந்து டெசராக்ட் வழியாக வந்தன. மற்றத் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. ஐந்து போனவை போனவையே.

மீண்ட பக்கங்களில் 'நொய்யல' என்று புள்ளி இல்லாமல் தேடினேன். ஆற்றில் குளித்ததை, துணி துவைத்ததை, ஊற்றுத் தோண்டிக் குடித்ததை ஒருவர் பின் ஒருவராகச் சொல்லியிருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் திருத்தும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. அப்போது என் கண் கூலியின் மேல் இருந்தது.

சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒருவர் வந்தார். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். "சார், எங்க அம்மிச்சி சொன்னது இருக்குங்களா?" என்றார். அவருடையது அந்த ஐந்தில் ஒன்று. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நினைவில் இருப்பதைச் சொல்லட்டுமா என்று கேட்டார். காங்கயத்துப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தது, முதலில் பார்த்த வேலை கைமடிப்பு, முதல் வாரக் கூலியில் வாங்கியது ஒரு பித்தளைக் குடம். ஜிம்மில் புதுப் பக்கம் திறந்து எழுதிக்கொண்டேன். மேலே, 'பேரன் சொன்னது' என்று குறித்து அன்றைய தேதியும் இட்டேன்.